நீருக்குள் இருக்கும் லிங்கம்: நார்த்தாமலை வட்டாரத்தைப் பார்க்கும் முறை பற்றி

பங்குனி மாதம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டத்தன்று புதுக்கோட்டை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பால்குடம், அலகு, அக்கினிக் காவடி என்று கூட்டம் நெரியும் அந்த நாளில் கண்ணில் நிற்பது கரும்புத் தொட்டில்தான். தோகை கழிக்காத கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் துணியைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே பிள்ளையைப் போடுவார்கள். முன்பக்கம் தகப்பன் தோளிலும் பின்பக்கம் தாய் தோளிலுமாகக் கோயிலைச் சுற்றி வருவார்கள். வெயிலில் பிள்ளை வீறிடும். பின்னால் வரும் ஆத்தாவோ அத்தையோ முந்தானையால் விசிறிக்கொண்டே நடப்பார். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் அது.

அதே ஊரில், கூப்பிடு தூரத்தில், மேலமலை. அதன் பாறைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் என்ற கற்றளியும் அதற்கு எதிரே இரண்டு குடைவரைகளும் இருக்கின்றன. தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. தேரன்று கீழே நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அங்கே ஏறுவதில்லை. மற்ற நாள்களில் திருச்சிப் பக்கமிருந்து காரில் வரும் வரலாற்று ஆர்வலர்கள் நேரே மலையேறிப் படமெடுத்துக்கொண்டு இறங்கி, அடுத்துச் சித்தன்னவாசல், பிறகு குடுமியான்மலை, முடிந்தால் திருமயம் என்று போய்விடுகிறார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் அவர்கள் வண்டி நிற்பது அபூர்வம். ஒரே ஊருக்கு வரும் இரண்டு சாராரும் ஒருவர் இடத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இந்தப் பிளவு பார்வையாளர்களின் ரசனையால் மட்டும் வந்ததன்று. மேலே இருப்பது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம். கீழே இருப்பது இந்து சமய அறநிலையத் துறையின் கோயில். சுற்றியுள்ள காடு வனத்துறையுடையது. கொஞ்சம் தள்ளி, பாறையை வெடிவைத்து உடைக்கும் குவாரிகளுக்கு உரிமம் தருவது கனிமத் துறை. சுற்றுலாக் கையேடுகள் இதையே ‘வரலாற்றுச் சின்னங்கள்’, ‘ஆன்மிகத் தலங்கள்’, ‘இயற்கை எழில்’ என மூன்று தலைப்பாக்கிக் கொடுக்கின்றன. கோப்புகளுக்கு இந்தப் பாகுபாடு தேவைதான். ஆனால் இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள இது உதவாது என்பதும், மூன்றையும் ஒன்றாகப் பார்க்க இடம் தருவது பாறைமேல் நீர் தேங்கும் சுனைதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஊரின் பெயர். நாரதர் தவம் செய்ததால் நாரதர் மலை என்பது தலபுராண வழக்கு. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகளே இங்குள்ள குன்றுகள் என்றும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் ஏற்பது நகரத்தார் மலை என்ற பெயர். இடைக்கால வணிகக் குழுவான நகரத்தாரின் இருப்பிடமாக இவ்வூர் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சோழர் காலத்தில் இதற்குத் தெலுங்குகுலகாலபுரம் என்று பெயர். மேலமலைக் குடைவரைகளில் பெரியதைச் சமணர் குடகு என்கிறார்கள். சமணப் பள்ளியாக இருந்த அது பின்னாளில் திருமால் கோயிலானது. பதினெண்பூமி விண்ணகரம் என்பது அதன் கல்வெட்டுப் பெயர். மண்டபச் சுவரில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோல் பன்னிரண்டு திருமால் புடைப்புருவங்கள் நிற்கின்றன. ‘பதினெண்பூமி’ என்ற சொல் வணிகக் கணங்களின் மெய்க்கீர்த்திகளில் புழங்குவது. எனவே இந்த மாற்றத்தில் வணிகர் கை இருந்திருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம் என்பதற்கு மேல் அதை நான் அழுத்தமாட்டேன்.

மற்றக் குடைவரை பழியிலி ஈச்சரம்; முத்தரையர் குடியைச் சேர்ந்த சாத்தன் பழியிலி பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் குடைவித்தது. எதிரேயுள்ள கற்றளியின் பெயரில் சோழன் இருப்பதால் அதைச் சோழர் கோயில் என்று பலகை எழுதிவிடுகிறோம். ஆனால் வாயிலருகே உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் சிதைய, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்பதே அதன் சாரம். கோயில் யாருடையது, முத்தரையருடையதா சோழருடையதா என்பதிலேயே அறிஞர்களின் விவாதம் பெரும்பாலும் நின்றுவிட்டது. சிதைத்தது மழையா, மழையோடு வந்த இடியா என்பது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமாகக் கருவறை அமைந்த இந்த மேற்கு நோக்கிய கோயிலைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறொன்று. ஒரு கற்றளி அழிந்ததற்குப் போரையோ பகையையோ காட்டாமல் மழையைக் காரணமாகக் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது.

அந்த மழை எங்கே போயிற்று என்று கேட்டால் சுனைக்கு வரவேண்டும். புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஆறு. வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதைத் தேக்கித்தான் பிழைப்பு. சமவெளியில் அதற்குக் கண்மாய், குன்றில் சுனை. மேலமலைக்கு ஏறும் வழியில் இருக்கும் சுனைக்குத் தலையருவிசிங்கம் என்று பெயர். மார்கழியில் போனால் நீர் விளிம்புவரை கருத்துக் கிடக்கும். தட்டாரப்பூச்சிகள் தொட்டுத் தொட்டு எழும். கோடையில் போனால் பாறைச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிறிய கோடுகள் தெரியும். நீர் வாரம் வாரமாக இறங்கிய கணக்கு அது. இந்தச் சுனைக்குள், நீருக்கு அடியில், பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம் இருக்கிறது. பெயர் ஜுரஹரேசுவரர், காய்ச்சலைப் போக்குபவர். 19ஆம் நூற்றாண்டில் தொண்டைமான் அரசி ஒருவர் சுனை நீரை இறைக்கச்செய்து லிங்கத்தை வழிபட்ட செய்தியை அருகிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

மலைமேல் நீருக்குள் காய்ச்சல் தீர்க்கும் சிவன். கீழே, மழையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு அம்மை இறக்கும் மாரி. வேப்பிலை, மஞ்சள் நீர், பால்குடம், கூழ் என்று அவளுக்குச் செய்வதெல்லாம் குளிர்விக்கும் காரியம். அக்கினிக் காவடியும்கூட, வெப்பத்தை ஏந்திவந்து அவள் முன் இறக்கிவைப்பது என்றே கொள்ளலாம். இந்த இரண்டு வழிபாடுகளுக்கும் வரலாற்றுத் தொடர்ச்சி இருந்ததென்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. நிறுவ முயலவும் இல்லை. ஆனால் சூடும் நீரும் என்ற ஒரே கவலையை ஒரே ஊர் இரண்டு உயரங்களில் கையாண்டிருக்கிறது. இதை ஒன்று ‘தொல்லியல்’, மற்றது ‘நாட்டார் வழக்காறு’ என்று இரண்டு துறைகளின் ஆய்வேடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தால் கவலை காணாமல் போய்விடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பாறைக்குன்று என்றிருந்தால் சுனை இருக்கும். துறவிக்கும் பூசகருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆகவே கோயிலருகே சுனை இருப்பது வசதி சார்ந்தது, அதில் கருத்தைத் தேடுவது மிகை என்று. குடுமியான்மலை போன்ற இடத்துக்கு இந்த மறுப்பை ஏற்கலாம். அங்கே நம்மை நிறுத்துவது பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. அதைச் சுனையோடு முடிச்சுப்போட்டால் என் வாதத்துக்கு நானே குழிபறித்ததாகும். ஆனால் நீருக்கு அருகே கோயில் கட்டுவது வேறு, நீருக்கு உள்ளேயே கருவறை குடைவது வேறு. நார்த்தாமலை அதில் தனியும் அல்ல. சித்தன்னவாசல் குன்றிலுள்ள நாவற்சுனையிலும் மூழ்கிய குடைவரை ஒன்று உண்டு. நீரை இறைத்தால்தான் உள்ளேயிருக்கும் லிங்கம் தெரியும். குடிநீர் வசதி என்ற விளக்கம் இந்த இரண்டுக்கும் போதாது.

சித்தன்னவாசலில் எல்லோரும் பார்ப்பது அறிவர் கோயில் ஓவியம். காவலர் கதவைத் திறந்துவிட்டதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே இருப்பது ஒரு பொய்கை: தாமரை, மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சமண மரபில் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதியாக இதை அறிஞர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியென்றே நினைக்கிறேன். ஆனால் கோட்பாடு பொய்கையைக் கேட்டது. தாமரைத் தண்டை முறுக்கும் யானையையும் தண்ணீரில் கிடக்கும் எருமையையும் கொடுத்தது ஓவியனின் கண். ஐப்பசி கார்த்திகையில் அன்னவாசல் பக்கம் எந்தக் கண்மாய்க் கரையில் நின்றாலும் எருமைக்குக் குறைவில்லை. குகையின் கூரையில் ஏரியை ஏற்றிவைத்த இந்தக் கோயிலை மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்தார் என்று 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலக் கல்வெட்டு கூறுகிறது.

ஓவியத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது குன்றின் கிழக்குப் பக்கத்து ஏழடிப்பட்டம். பாறையில் குறுகிய பிடிப்படிகள் வழியாகப் போனால் இயற்கைக் குகைத்தளத்தில் மழமழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், தலையணைபோல் மேடு வைத்து. பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்தக் கல் கையில் சில்லென்றிருக்கும். படுக்கை ஒன்றின்மேல் தமிழ்-பிராமி எழுத்து, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்குச் சிறுபொசிலைச் சேர்ந்த இளயர் இந்தப் படுக்கையைச் செய்துகொடுத்தார் என்பது அதன் பொருள். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்று கொள்வார்கள். இந்த வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்தே தூரத்திலிருந்து வந்த ஒருவரைப் பற்றியது. அவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்க இடம் செய்துகொடுத்ததைப் பற்றியது. யாத்திரையும் சுற்றுலாவும் எங்கே பிரிகின்றன என்று கோட்பாடு பேசுவோர் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம். வந்தவர் பார்த்துவிட்டுப் போகவில்லை, தங்கினார். தங்குவதற்குக் கல்லும் நீரும் போதுமானதாக இருந்தன.

இந்த வாதத்தால் நடைமுறையில் என்ன மாறும்? பருவம் மாறும். குன்றுகளைப் பார்க்கப் பலரும் கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சுனை வற்றிக் கிடக்கும் அந்த மாதங்களில் வெறும் கல்தான் தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஒருமுறையும் பங்குனித் தேருக்கு ஒருமுறையும் வருகிறவருக்கே நிறைந்த சுனையும் நீருக்கு ஏங்கும் கூட்டமும் ஒன்றுக்கொன்று விளக்கமாகும். பாதுகாப்பு என்ற சொல்லின் எல்லையும் மாறும். கோயிலுக்குக் கம்பிவேலி போட்டுப் பாதுகாக்கிறோம். சுனைக்கு நீர் கொண்டுவரும் பாறைச் சரிவும் வெடிப்புகளும் அந்த வேலிக்கு வெளியே கிடக்கின்றன. எங்கோ தூரத்தில் பிற்பகலில் வேட்டு வைக்கும் சத்தம் மேலமலையில் நிற்பவருக்கும் கேட்கும். ஜல்லிக்கும் கிரஷருக்கும் இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இந்தப் பக்கத்துக் கல் போனதாகப் பெருமையோடு சொல்லும் ஊர்கள் இவை. ஆகவே குவாரி என்றாலே பாவம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சின்னத்தைச் சுற்றி எத்தனை மீட்டர் என்று அளப்பவர்கள் கட்டடத்திலிருந்து அளக்கிறார்கள். சுனையின் நீர்வரத்துப் பரப்பிலிருந்து அளந்தால் கோடு வேறு இடத்தில் விழும்.

பிளாஸ்டிக் பாட்டில் பிரச்சினையை ஒரு வரியில் விடுகிறேன்: சுனையில் மிதப்பவை தேர்க்கூட்டம் போட்டவை அல்ல, அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் மேலே ஏறுவதில்லை.

இன்னொரு சிக்கல் எஞ்சுகிறது. அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. தலையருவிசிங்கத்து லிங்கத்தை ஒரு வரலாற்று மாணவர் ஆவணப்படுத்த வேண்டுமானால் நீரை இறைத்தாக வேண்டும். இறைத்தால் குடைவரையின் அளவு, ஆவுடையின் அமைப்பு, வேலைப்பாட்டின் காலம் எல்லாம் தெரியலாம். அரசிக்காக ஒருமுறை இறைத்ததைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அது அரிய நிகழ்ச்சியாக இருந்தது. மோட்டார் இருக்கும் காலத்தில் அது அரைநாள் வேலை. குடைந்தவர்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும். மழை நிரப்பும், வெயில் இறக்கும், எந்த ஆண்டு எந்த மாதம் முகம் காட்டுவது என்பதை அந்த இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம். மேலமலை ஏறுகிறவர்களில் பலர் சுனையோரம் ஒரு நிமிடம் நின்று, குனிந்து பார்த்து, நீரில் தங்கள் முகத்தைக் கண்டுவிட்டுக் கோயிலை நோக்கி நடக்கிறார்கள்.