லீ-என்ஃபீல்டு ரைபிள்

நம் போலீஸார் ‘திரீ நாட் திரீ’ என்று வழங்கும் இந்த ரைபிளின் இயந்திர அமைப்பு, ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் யோசனையில் உருவானது. 1888-இல் லீ-மெட்ஃபோர்டு என்ற பெயரில் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றபோது தோட்டாக்களில் கரிமருந்தே இருந்தது, அடுத்து வந்த கார்டைட் மருந்தின் உக்கிரமான உஷ்ணம் மெட்ஃபோர்டின் ஆழமற்ற குழல்வரிகளை விரைவில் அரித்துத் தீர்த்துவிடவே, 1895-இல் என்ஃபீல்டு தொழிற்சாலையார் ஆழமான ஐந்து வரிகளை வெட்டியமைத்தனர், பெயரும் மாறிற்று.

ஜெர்மானியரின் 1898-ஆம் வருஷத்து மௌசரில் போல்ட்டைப் பூட்டும் பிடிப்புகள் முன்பக்கம், தோட்டா அறையை ஒட்டியிருக்க, லீ அவற்றைப் பின்பக்கம் வைத்தார். அதனால் போல்ட்டை இழுக்கும் தூரம் குறைந்து, பத்துத் தோட்டாக்களையும் மளமளவென்று சுட முடிந்தது. ஆனால் வெடிப்பின் உந்துதல் போல்ட்டின் நீளம் முழுவதையும் கடந்தே பிடிப்புகளைச் சேர்வதால், ஒவ்வொரு வேட்டிலும் போல்ட் அணுவளவு குறுகி, அதைத் தாங்கும் கூடு அணுவளவு நீண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும். சேறும் தூசும் படிந்த தோட்டாவும் நுழையட்டுமென்று அறை சற்றுத் தாராளமாகக் கடையப்பட்டிருந்தமையால், பித்தளை உறையும் நீண்டு, அடிப்பகுதிக்குச் சிறிது மேலே மெலிந்துவிடும். அதில் மீண்டும் மருந்தடைத்துச் சுடுவோர் உறை இரண்டாகப் பிளப்பதைக் கண்டிருப்பர்.

நெடுநாள் உபயோகத்தில் பிடிப்புகள் தேய்ந்தால் போல்ட்டின் முகத்துக்கும் அறைக்கும் இடையே சந்து விரியும். ஆயுத மேஸ்திரி இதற்கு இரு அளவுகோல்களைக் கையாள்வார்: 0.064 அங்குலத்தின் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலத்தின் மேல் மூடக்கூடாது. மூடிவிட்டால், திருகிக் கழற்றத்தக்க போல்ட் தலையை மட்டும் மாற்றுவார். இரண்டாம் மகாயுத்த காலத்து நான்காம் எண் ரைபிளுக்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட தலைகள் வந்தன. இலக்கத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே விவேகம், ஏனெனில் 2 என்று பொறித்தது சில வேளை 1-ஐவிடக் குட்டையாக இருப்பதுண்டு.

வேட்டின்போது போல்ட்டும் கூடும் காட்டும் அந்த நெகிழ்ச்சியையே குறையென்று தள்ளுவது பொருந்தாது. வேகம் குறைந்த குண்டு, குழல்முனை சற்று மேலெழும் தருணத்தில் வெளியேறுவதால், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் குண்டுகளின் வேக வித்தியாசம் ஓரளவு சமனாகும். தூரப் போட்டிகளில் இந்த ரைபிளைப் பலர் விரும்பியதற்கு இதுவே காரணம்.

1960-களில் வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலை இதையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கேற்ப மேலும் வலிய எஃகில் வடித்து, பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியைப் பொருத்தியது.