வேலூர் வட்டாரத்தில் ஓட்டுநர் உரிமம்

ஓட்டுநர் உரிமம் என்பது பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கு அரசு வழங்கும் அனுமதி ஆவணம் ஆகும். இந்தியாவில் இது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஆகியவற்றின்படி வழங்கப்படுகின்றது. சட்டம் நடுவண் அரசினுடையது. உரிமம் வழங்குவது மாநிலப் போக்குவரத்துத் துறை. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் வேதிப்பொருள் ஏற்றிவரும் லாரிகளும் காலணித் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் வேன்களும் மிகுதி. எனவே உரிமம் உண்டா என்பதோடு, அது எந்த வகை வாகனத்துக்கானது என்பதும் இங்கு முக்கியமான கேள்வியாகின்றது.

அலுவலகங்கள்

இவ்வட்டாரத்தில் வேலூர் (டி.என். 23), இராணிப்பேட்டை (டி.என். 73), வாணியம்பாடி (டி.என். 83) ஆகிய பதிவுக் குறியீடுகளைக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. உரிமம் இந்தியா முழுவதும் செல்லும்.

உரிமம் பெறும் முறை

முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். பேச்சு வழக்கில் இது எல்.எல்.ஆர். எனப்படுகின்றது. இது ஆறு மாதம் செல்லும். இதைப் பெற்று 30 நாட்கள் ஆன பின்னரே ஓட்டுதல் தேர்வுக்குச் செல்ல இயலும். இருசக்கர வாகனத் தேர்வில் 8 என்ற எண் வடிவில் அமைந்த பாதையில் காலை ஊன்றாமல் ஓட்டிக்காட்ட வேண்டும். இதையே 'எட்டு போடுதல்' என்பர். தேறாதவர் ஏழு நாட்களுக்குப் பின் மீண்டும் வரலாம். மூன்று முறை தேறாவிடின் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

குறைந்தபட்ச வயது 18. போக்குவரத்து வாகனங்களுக்கு, அதாவது வாடகை, சரக்கு, பேருந்து வகைகளுக்கு, வயது 20 ஆகவேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை 16 வயதில் ஓட்டலாம் என்ற விதி இன்றும் சட்டத்தில் உள்ளது. டி.வி.எஸ். 50 தெருவெங்கும் ஓடிய காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. இன்று விற்கும் எக்ஸ்.எல். 100 மொபெட் கிட்டத்தட்ட 100 சி.சி. திறன் உடையது என்பதால் அது இவ்விதிக்குள் வராது. 'சின்ன வண்டிதானே' என்று பள்ளி மாணவரிடம் கொடுப்பது சட்டமீறலே.

வேன் ஓட்டுநர்களும் 7,500 கிலோகிராம் வரம்பும்

சட்டத்தின் 2(21)ஆம் பிரிவு, மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தையும் இலகு ரக மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கின்றது. ஆயினும் மஞ்சள் பலகை கொண்ட வேனையோ சிறு சரக்கு வண்டியையோ ஓட்டுபவர் தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி ('பேட்ஜ்') பெற வேண்டும் என்பதே நெடுங்கால நடைமுறை. விபத்து நேர்ந்தால், அவ்வனுமதி இல்லாததைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பை மறுத்துவந்தன.

2004ஆம் ஆண்டின் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமக் குறை இருப்பினும் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டி வரும் என்றும், உரிமையாளர் நிபந்தனையை மீறியது மெய்ப்பிக்கப்பட்டால் தொகையை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் விளக்கியது. இதன்படி அடிபட்டவருக்குப் பணம் கிடைத்தாலும், ஒற்றை வேன் வைத்துப் பிழைப்பவர் கடனாளியாகும் நிலை நீடித்தது. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில், இலகு ரக உரிமம் உடையவர் 7,500 கிலோகிராம் வரையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதனை உறுதி செய்தது. இவ்வரம்பைத் தாண்டிய லாரி, பேருந்து ஆகியவற்றுக்குத் தனி அனுமதி இன்றும் கட்டாயம். அதற்கான பழகுநர் உரிமம் பெற, இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகியிருக்க வேண்டும்.

எழுத்தறிவும் அபாயகரமான சரக்கும்

போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2007இல் கொண்டுவரப்பட்டது. முன்னரே உரிமம் பெற்றோருக்கு விலக்கு இருந்தது. ஆனால் கிளீனராக இருந்து வண்டி பழகி, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்கு இவ்விதி வாயிலை அடைத்தது. 2019இல் இது நீக்கப்பட்டது.

எனினும் 9ஆம் விதி இன்றும் உள்ளது. தோல் பதனிடுதலில் பயன்படும் கந்தக அமிலம் போன்ற அபாயகரமான பொருட்களை ஏற்றும் ஓட்டுநர், போக்குவரத்து வாகன உரிமத்துடன், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஒரு மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சிச் சான்றும் தேவை. இவ்வட்டாரத்தில் வழங்கும் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் அவ்வட்டவணையில் உள்ளவை என்பதால், தடையாவது ஆங்கிலமே. இவ்விதியை வெறும் சடங்கு என்று கொள்ள இயலாது. சரக்கின் தன்மையையும், கசிவு ஏற்பட்டால் செய்ய வேண்டியதையும் குறிக்கும் எழுத்து அறிவுரையை ஓட்டுநர் தம் இருக்கை அருகில் வைத்திருக்க வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கொள்கலன் உடைந்தால், அதை முதலில் படிக்க வேண்டியவர் அவரே.

செல்லுபடிக் காலம்

2019 திருத்தத்துக்கு முன் உரிமம் 20 ஆண்டுகள் அல்லது 50 வயது வரை செல்லும். திருத்தத்தின்படி 30 வயதுக்குட்பட்டவருக்கு 40 வயது வரையும், 30 முதல் 50 வரை உள்ளவருக்குப் பத்தாண்டுகளும், 50 முதல் 55 வரை உள்ளவருக்கு 60 வயது வரையும், அதற்கு மேல் ஐந்தாண்டுகளும் செல்லும். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டு. அபாயகரமான சரக்குக்கு மூன்றாண்டு. காலாவதியான பின்னும் 30 நாட்கள் ஓட்டலாம் என்றிருந்த சலுகை நீக்கப்பட்டுவிட்டது. காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மீண்டும் தேர்வு எழுத வேண்டும்.

தண்டனைகள்

உரிமமின்றி ஓட்டுவதற்கு முன்னர் 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபர் முதல் வசூலிக்கப்படுகின்றன. உரிமமற்றவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் தண்டனைக்குரியவர். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அச்சிறார் 25 வயது நிறையும் வரை பழகுநர் உரிமம் பெற இயலாது.