நீல ஒளிர்வு வைரம்: மதிப்பு ஏறி இறங்கிய வரலாறு

தமிழ்நாட்டில் 'புளூ ஜாகர்' தோடு என்றால் உயர்தர வைரம் என்பது நெடுநாள் வழக்கு. அப்பெயருக்கு அடிப்படையான நீலத் தன்மை இன்று ஆய்வகச் சான்றிதழில் 'வலுவான நீல ஒளிர்வு' எனப் பதிவானால், அந்த ஒரு வரிக்காகவே விலை குறைகிறது. கல்லின் இயல்பு மாறாதிருக்க, மதிப்பு மட்டும் தலைகீழானது எப்படி? கல்லில் உள்ள குறையைவிட, விற்பனையில் குலைந்த நம்பிக்கையே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒளிர்வின் இயல்பு

புறஊதாக் கதிரை உள்வாங்கி, அந்த ஆற்றலைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக உடனே வெளிவிடுவதே ஒளிர்வு. வைரத்தின் கார்பன் அணுக்கோப்பில் ஓரிடம் காலியாகி, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்தால் நீல ஒளி பிறக்கிறது. 'என்3' எனப்படும் இந்த மையத்தின் அடையாளக் கோடு 415 நானோமீட்டரில் விழுகிறது. பெரும்பாலான வைரங்களில் மஞ்சள் சாயலுக்கும் நைட்ரஜனே காரணம். நீலம் மஞ்சளை ஈடுசெய்வதால், வெயிலில் அத்தகைய கல் கூடுதல் வெண்மையாகத் தோன்றக்கூடும்.

1940களில் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர் அன்னா மணி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வு நிறமாலைகளைப் பதிவுசெய்தார். ஓர் ஒளிப்படத் தகட்டில் ஒளி பதிய 15 முதல் 20 மணி நேரம்கூட ஆனது. முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் மறுத்தது. ஆயினும் வைர ஒளிர்வு ஆய்வில் அவர் பங்கு முன்னோடியானது.

ஏற்றமும் முதல் விரிசலும்

தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கம் 1870இல் தொடங்கியது. அங்கு கிடைத்த நீலச்சாயல் கொண்ட தெளிந்த கற்கள் சுரங்கத்தின் பெயராலேயே 'ஜாகர்' எனப்பட்டன. 'நீலவெள்ளை' என்றால் உயர்தரம் என்றானது. பெயருக்கு விலை இருந்ததால், மஞ்சள் தட்டிய கற்களுக்கும் வியாபாரிகள் அதைச் சூட்டினர். பகல் வெளிச்சத்தில் நீலம் தவிர வேறு நிறம் காட்டும் கல்லை அப்பெயரில் விற்கக் கூடாது என்று 1938இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் விதித்தது. 1950களில் ஜி.ஐ.ஏ. எனும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் டி முதல் இசட் வரையான நிற அளவுகோலை வகுத்தது. வாய்ச்சொல்லின் இடத்தை மெல்ல மெல்லச் சான்றிதழ் பிடித்தது.

சரிவும் சோதனையும்

1993இல் தென்கொரியாவில், ஒளிரும் கற்கள் தகுதிக்கு மீறிய நிறத்தரத்தில் விற்கப்பட்டதாகச் செய்தி எழுந்தது. டி, ஈ, எஃப் போன்ற உயர் நிறக் கற்களில் ஒளிர்வு ஐயத்துக்குரியதாகி, விலைக்குறைப்பு வேரூன்றியது. சாயல் கூடிய கீழ்நிலை நிறங்களில் ஒளிர்வு அவ்வளவாக விலையைக் குறைக்கவில்லை. சில நேரம் கூட்டவும் செய்தது.

ஒளிர்வு கல்லின் தோற்றத்தை மாற்றுகிறதா என்பதை 1997இல் ஜி.ஐ.ஏ. சோதனைக்கு உட்படுத்தியது. பயிற்சியற்ற பார்வையாளர்களால் ஒளிர்வின் விளைவைக் கண்டறிய முடியவில்லை. பயிற்சி பெற்றோர் மேல்முகமாகப் பார்க்கும்போது வலுவாக ஒளிரும் கற்கள் சற்று மேம்பட்ட நிறம் காட்டின. ஒளிர்வு வலுத்தால் கல் மங்கும் என்ற பரவலான அச்சத்துக்கும் சான்று கிடைக்கவில்லை. மறுபுறம், தரம்பிரிக்கும் விளக்கில் உள்ள புறஊதாக் கதிரே கல்லுக்கு மிகையான நிறத்தரம் தருகிறது என்று 2010இல் ரத்தினவியலாளர் மைக்கேல் கோவிங் வாதிட்டார். இந்த எதிர்வாதம் வலுவானது; ஆனால் அது குறைகாண்பது அளக்கும் முறையில், கல்லில் அன்று.

முடிவு

'நீலவெள்ளை'யை மிகையாகப் புகழ்ந்து விற்றதும், பின்னர் ஒளிரும் கற்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளியதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டிலும் கல்லைப் பாராமல் பெயரைப் பார்த்தே விலை வைக்கப்பட்டது. மங்கல் சில கற்களில் உண்மையாகவே உண்டு. அதைச் சான்றிதழ் ஒளிர்விலிருந்து பிரித்துத் தனியே குறிக்க வேண்டும். வெயிலிலும் அறை விளக்கிலும் தெளிவாக நிற்கும் கல்லுக்கு, ஒளிர்கிறது என்பதற்காக மட்டும் விலை குறைப்பது நியாயமாகாது.