சைக்கடெலிக்

1956-இல் ஒரு கடிதத்தில் பிறந்த சொல் இது. மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதியபோது இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்தார். முதற்பாதிக்கு மனம், உயிர் என்று பொருள்; பிற்பாதிக்கு வெளிப்படுத்துதல். மனத்துள் மறைந்திருப்பதை வெளிக்கொணர்வது. அதற்குமுன் எல்.எஸ்.டி. என்ற வேதிப்பொருளை மருத்துவர்கள் பலர் பித்துப் போன்ற நிலையை உண்டாக்கும் மருந்தாகவே கருதினர். நம் 'போதைப்பொருள்' என்ற சொல், மனத்தை வெளிப்படுத்துதல் என்ற பொருளைத் தொடுவதே இல்லை. எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தையும் சைக்கடெலிக் குடும்பத்தில் சேர்ப்பது தளர்வான வழக்கு.

மனக்காயத்துக்கான சிகிச்சையில் எம்.டி.எம்.ஏ. மருந்து தரும் அமர்வுகள் இரண்டு, மூன்றுதான். முன்னும் பின்னும் நடப்பவை மருந்தில்லாத உரையாடல்கள். அச்சம் தணிந்த அந்தச் சில மணி நேரத்தில், சொல்ல முடியாதிருந்ததைச் சொல்ல வாய்க்கிறது. கூடவே இருந்து கேட்கும் ஆள்தான் முக்கியம் என்பேன். நஞ்சுண்டவருக்கும் துணை வேண்டும் என்பதுபோல, நாகலாபுரத்தை அடுத்த சுருட்டப்பள்ளிக் கோயிலில், ஆலகால நஞ்சை உண்ட சிவன் பார்வதியின் மடியில் தலைவைத்தே பள்ளிகொண்டிருக்கிறார்.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மனக்காயத்துக்கு எம்.டி.எம்.ஏ.வைப் பரிந்துரைக்க வழிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்து, கூடுதல் ஆய்வு கேட்டது. இந்தியாவில் எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. இரண்டும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை.