தோட்டா பெரிசா இருந்தா ஆள் விழுந்துடுவானா? ஒரு நூறு வருஷச் சண்டையின் கதை

1/ "ரவுடியைக் காலில் சுட்டுப் பிடித்தனர்" என்று செய்தி வந்தால் போதும், கீழே கமெண்ட்டில் ரெண்டு கட்சி கிளம்பும். "ஒரே குண்டுல ஆளை விழவைக்க முடியாதா, எதுக்கு அத்தனை தடவை சுடணும்?" என்பது ஒன்று. "காலில்தானே, உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்பது இன்னொன்று. ஒரு டாக்டரா சொல்றேன், ரெண்டுமே தப்பு. ஏன் தப்புன்னு புரியணும்னா அமெரிக்கர்கள் நூறு வருஷத்துக்கு மேல போட்ட ஒரு சண்டையைப் பார்க்கணும். அதில் முக்கியமான இரண்டு பேர் டாக்டர்கள். நீண்ட இழைதான், பொறுமையா வாசிங்க.

2/ முதல்ல ஒரு அடிப்படை. காலிபர் என்பது தோட்டாவின் குறுக்களவு. நம்ம ஊர்ல "போர்" என்று சொல்வார்கள். .45 என்றால் 0.45 அங்குலம், அதாவது 11.4 மி.மீ. இன்னொரு பிரபலமான அளவு 9 மி.மீ. வித்தியாசம் 2.4 மி.மீ.தான். நடுவில் இருந்து பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 1.2 மி.மீ. சண்டை மொத்தமும் இந்த 1.2 மில்லிமீட்டருக்குத்தான்.

3/ கதை தொடங்குவது பிலிப்பைன்ஸில். 1899-க்குப் பிறகு அந்தத் தீவுகளைப் பிடிக்கப் போன அமெரிக்க ராணுவத்திடம் இருந்தது .38 ரிவால்வர், 1892-ல் வாங்கியது. தெற்கில் மோரோ மக்கள் தங்கள் மண்ணுக்காக வாளோடு பாய்ந்து வந்தார்கள். "பல குண்டு வாங்கியும் நிற்காம வந்து வெட்டுறாங்க" என்று புகார் மேல் புகார். கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்களை எடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள்.

4/ "எந்த அளவுதான் சரி?" என்று கண்டுபிடிக்க 1904-ல் இரண்டு பேரை நியமித்தார்கள். ஒருவர் ஜான் தாம்சன், பின்னாளில் "டாமி கன்" இவர் பெயரில்தான் வந்தது. இன்னொருவர் ராணுவ மருத்துவர் லூயி லகார்ட். சிகாகோ இறைச்சிக் கூடத்தில் உயிருள்ள மாடுகளைச் சுட்டார்கள். மனிதச் சடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார்கள். இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

5/ மாடுகள் அவர்கள் நினைத்தபடி விழவில்லை. பெரிய தோட்டா வாங்கிய மாடுகூடப் பல குண்டுகளுக்குப் பிறகும் நின்றது. இருந்தாலும் அறிக்கையில் ரெண்டு விஷயம் எழுதினார்கள். ஒன்று, .45-க்குக் குறைவா எதுவும் வேண்டாம். இரண்டு, முக்கிய உறுப்பில் படாவிட்டால் எந்தக் கைத்துப்பாக்கியும் ஆளை நிறுத்தாது, அதனால் குறி பார்த்துச் சுட இடைவிடாமல் பயிற்சி கொடுங்கள். முதல் வரியை உலகமே மனப்பாடம் செய்தது. இரண்டாவது வரியை மறந்துவிட்டது.

6/ விளைவு, 1911-ல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை ராணுவம் எடுத்துக்கொண்டது. 1985-ல் 9 மி.மீ. பெரெட்டா வரும்வரை 74 வருஷம் அதுதான். "நாற்பத்தஞ்சு பட்டா ஆள் பறந்துடுவான்" என்ற கதையும் கூடவே வளர்ந்தது.

7/ பறப்பானா? பள்ளிக்கூட இயற்பியல் போதும். .45 தோட்டா சுமார் 15 கிராம், வேகம் விநாடிக்கு சுமார் 250 மீட்டர். பெருக்கினால் உந்தம் 3.75. நம்ம கிரிக்கெட் பந்து 160 கிராம். 140 கி.மீ. வேகத்தில் வந்தால் உந்தம் 6.2! பவுன்சர் நெஞ்சில் பட்ட பேட்ஸ்மேன் பத்தடி பின்னால் பறக்கிறாரா? 70 கிலோ மனிதனை .45 தள்ளுவது விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில், 9 மி.மீ. தள்ளுவது 4 செ.மீ. அவ்வளவுதான். பறப்பதெல்லாம் சினிமாவில் கயிறு கட்டி இழுப்பது.

8/ அப்போ ஆள் ஏன் விழுகிறார்? உடம்பு உடனே நிற்க ஒரே வழிதான். மூளையோ கழுத்துத் தண்டுவடமோ அடிபட வேண்டும். மற்ற எங்கே பட்டாலும் ரத்தம் வடிந்து, மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்துதான் விழுவார். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் 10 முதல் 15 விநாடி தாங்கும். 15 விநாடியில் ஒருவர் எத்தனை தடவை விசையை அழுத்தலாம்னு எண்ணிப் பாருங்க.

9/ லகார்ட் பின்னாளில் பதிவு செய்த ஒரு கேஸ்: 1905 அக்டோபர், பிலிப்பைன்ஸின் சமார் தீவு. தப்பி ஓட முயன்ற கைதி ஒருவர். மிக அருகில் இருந்து .38-ல் நாலு குண்டு. மூன்று நெஞ்சில், மூன்றுமே நுரையீரலைத் துளைத்தன. ஒன்று கையில். அப்போதும் விழவில்லை. கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் மடக்கினார்கள். ஒரு மாசத்துக்குள் குணமாகி மருத்துவமனையை விட்டுப் போனார். ஆண்டிபயாடிக் இல்லாத காலத்தில்!

10/ அடுத்து 1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு கொள்ளையர்கள், எட்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான சண்டை. ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. தோட்டா கொள்ளையன் கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், நுரையீரலைச் சுருக்கிவிட்டு, இதயத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய காயம்தான். ஆனால் அவன் அதற்குப் பிறகும் எழுந்து நடந்து, ரைஃபிளால் சுட்டான். இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்.

11/ எஃப்.பி.ஐ. பழியைத் தோட்டா மேல் போட்டது. ரைஃபிளுக்கு முன்னால் பெரும்பாலானவர்கள் ரிவால்வரோடு நின்றது பின்னால் போய்விட்டது. இங்கேதான் இரண்டாவது டாக்டர் வருகிறார். மார்ட்டின் ஃபாக்லர், வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்த ராணுவ சர்ஜன். சான் பிரான்சிஸ்கோவில் 10 சதவீத ஜெலட்டின் கட்டிகளை 4 டிகிரியில் வைத்துச் சுட்டு, காயத்தை அளந்து பார்த்தவர்.

12/ அவர் சொன்னது எளிமை. கைத்துப்பாக்கித் தோட்டா தான் தொட்டுப் போகும் பாதையை மட்டும்தான் நசுக்கும். சுற்றியுள்ள தசையும் நுரையீரலும் ரப்பர் மாதிரி விரிந்து திரும்பிவிடும். ரைஃபிள் வேகமே வேறு, அது வேற கதை. ஆக ரெண்டே கேள்வி: எங்கே பட்டது? எவ்வளவு ஆழம் போனது? எஃப்.பி.ஐ. குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., ஜெலட்டினுக்குள் போக வேண்டும் என்று விதி வைத்தது. நெஞ்சு அவ்வளவு ஆழம் இல்லையேன்னு கேட்பீங்க. மயாமியைப் போலக் குறுக்கே ஒரு கை இருந்தால்?

13/ ஆனாலும் "பெரிசா வேணும்" ஆசை போகவில்லை. 10 மி.மீ. வாங்கினார்கள். அது கையை உதைத்த உதையில் பலருக்குக் குறி பார்த்துச் சுடவே வரவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளமான குப்பி எதற்கு என்று அதையும் வெட்டி, 1990-ல் .40 பிறந்தது. அமெரிக்க போலீஸ் துறைகள் பெருவாரியாக அதற்கு மாறின.

14/ 2014-ல் எஃப்.பி.ஐ. மறுபடி கணக்குப் பார்த்தது. நல்ல நவீன தோட்டா என்றால் 9, .40, .45 மூன்றும் போடும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையான மோதலில் போலீஸ் சுடும் குண்டுகளில் 20 முதல் 30 சதவீதம்தான் ஆள் மேல் படுகிறது. 9 மி.மீ.யில் உதை குறைவு, வேகமாவும் சரியாவும் சுட முடிகிறது. பழைய .45-ல் 7 குண்டு, கிளாக் 17-ல் 17. போன இடத்துக்கே திரும்பி வந்தார்கள்!

15/ காசுக் கணக்கும் இருக்கு. .45-ல் ஒரு தோட்டாவின் எடை 9 மி.மீ.யைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 9 மி.மீ. உலகம் முழுக்கத் தயாராவதால் விலையும் குறைவு. அதே பட்ஜெட்டில் அதிகப் பயிற்சி. 1904-ல் எழுதி மறந்துபோன அந்த இரண்டாவது வரி ஞாபகம் இருக்கா? அதைத்தான் 110 வருஷம் கழித்து வேற வார்த்தையில் எழுதினார்கள்.

16/ இப்போ கமெண்ட் கட்சிகளுக்கு வருவோம். "ஒரே குண்டுல விழவைக்கலாமே?" முடியாது. எந்தக் காலிபரும் அந்த உத்தரவாதம் தராது. (ஒரு துப்பாக்கிச் சூடு நியாயமா இல்லையா என்பது வேற கேள்வி, அதை நீதிமன்றம் கேட்கணும். குண்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து நானும் நீங்களும் தீர்ப்பு எழுத முடியாது.)

17/ "காலில்தானே?" தொடையின் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன். அது அறுந்தால் சில நிமிஷத்தில் உயிர் போகலாம். 9 மி.மீ.யோ .32-வோ அதற்குப் போதும். ஓடுகிற காலில் அந்தக் குழாயை விட்டுவிட்டுச் சுடும் திறமை யாருக்கும் கிடையாது. "காலில் சுட்டது" என்றால் மெதுவான காயம் என்று அர்த்தம் இல்லை.

18/ அதனால் காஷுவாலிட்டியில் குண்டுக் காயத்தோடு ஒருவர் வந்தால் தோட்டா எத்தனை மி.மீ. என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கே நுழைந்தது, எங்கே வெளியே வந்தது, நடுவில் என்ன இருக்கு, ரத்தம் எவ்வளவு போச்சு, இதைத்தான் பார்ப்பேன். சின்ன ஓட்டை என்பதால் சின்னக் காயம் கிடையாது. "நல்லாத்தானே பேசிட்டிருந்தார்" என்பதும் ஆறுதல் கிடையாது.

19/ குண்டோ, கத்தியோ, விபத்தோ, கை காலில் ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்க. நின்னுடுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. இன்னொருவர் 108-க்கு போன் பண்ணட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காதீங்க.

20/ கைத்துப்பாக்கி, ஆளை உடனே நிறுத்தும்னு நம்ப முடியாத கருவி. உயிரை எடுக்காதுன்னும் நம்ப முடியாத கருவி. 1.2 மில்லிமீட்டருக்காக நூறு வருஷம் சண்டை போட்டவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். அடுத்த தடவை "காலில்தானே" என்று யாராவது எழுதினால் இந்த இழையைக் காட்டுங்க.