கலப்பு ரிலே: டாக்டர்கள் போட்ட கோடும், அதைத் தாண்டி ஓடிய பெண்களும்

1/
இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்லை. ஒரு பந்தயத்தோட வரலாறு. கொஞ்சம் நீளமான இழைதான். வீட்ல ஓடுற, விளையாடுற பெண் குழந்தை இருந்தா தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

2/
என் வீடு சாந்தோம்ல. டூட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கலங்கரை விளக்கம் பக்கம் நடக்கப் போவேன். அங்க மணல்ல சில பிள்ளைங்க தினமும் ஓடிப் பழகுவாங்க. போன வாரம் அதுல ஒரு பொண்ணோட அப்பா என்னை நிறுத்தினார்.

"மேடம், பாப்பாவுக்குப் பதிமூணு வயசு. இப்பதான் வயசுக்கு வந்தா. இனிமே 400 மீட்டர் எல்லாம் ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்னு வீட்ல சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?"

3/
பதில் ஒரே வரிதான்: இறங்காது, நிறுத்தாதீங்க.

கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள தசைகளாலும் தசைநார்களாலும் தாங்கப்பட்டு இருக்கு. வளர்ற பொண்ணு ஓடுறதால அது கழண்டு விழுந்துடாது.

ஆனா இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சு? உடனே பாட்டிங்க மேல பழி போட்டுடாதீங்க. ஒரு காலத்துல உலகம் முழுக்க இதைச் சொன்னவங்கள்ல என் தொழில்காரங்களும் இருந்தாங்க. ஆமா, டாக்டர்கள்.

4/
1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். தடகளத்துல பெண்களைச் சேர்த்த முதல் ஒலிம்பிக் அதுதான். 800 மீட்டர் இறுதியில 9 பெண்கள் ஓடினாங்க. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோட ஜெயிச்சார். ஜப்பானின் கினுயே ஹிட்டோமி வெள்ளி. ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டாங்க.

5/
மறுநாள் பல பத்திரிகைகள் என்ன எழுதுச்சு தெரியுமா? பெண்கள் பாதியிலேயே விழுந்துட்டாங்க, பார்க்கவே பரிதாபமா இருந்துச்சுன்னு. இப்படி ஓடினா பெண்கள் சீக்கிரமே கிழவியாயிடுவாங்கன்னு டாக்டர்கள் சொன்னதாவும் செய்தி வந்துச்சு.

800 மீட்டர் ஓடி முடிச்சவங்க மூச்சு வாங்கிக்கிட்டுத் தரையில உட்காருவாங்க. ஆண்களும்தான் உட்காருறாங்க. அதுக்கு யாரும் தலைப்புச் செய்தி போடல.

விளைவு: பெண்கள் 800 மீட்டர் ஒலிம்பிக்லிருந்து தூக்கப்பட்டுச்சு. திரும்ப வந்தது 1960 ரோம்ல. 32 வருஷம்.

6/
அது ஒரு பந்தயத்தோட நிக்கல. ஒலிம்பிக்ல எது எப்ப வந்துச்சுன்னு பாருங்க.

400 மீட்டர்: ஆண்கள் 1896, பெண்கள் 1964.
மாரத்தான்: ஆண்கள் 1896, பெண்கள் 1984.
4×400 ரிலே: ஆண்கள் 1912, பெண்கள் 1972.
பயத்லான்: ஆண்கள் 1960, பெண்கள் 1992.

ஒவ்வொரு இடைவெளிக்குள்ளயும் ஓடியிருக்க வேண்டிய ஒரு தலைமுறைப் பெண்கள் இருக்காங்க.

7/
கடைசியா இருக்கே, பயத்லான், அது என்னன்னு கேப்பீங்க. நம்ம ஏரியாவுக்குப் பனின்னா ஐஸ் ஹவுஸ் மட்டும்தான்! ஆனா ஆணும் பெண்ணும் ஒரே அணியில ஓடுற ரிலேயை உலக அளவுல முதல்ல நிலைநிறுத்தின விளையாட்டுகள்ல இது ஒண்ணு. அதனால ரெண்டு நிமிஷம் பனிக்குள்ள போயிட்டு வருவோம்.

8/
பயத்லான்னா பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்தது. முதுகுல குறைஞ்சது மூன்றரை கிலோ துப்பாக்கி. பல கிலோமீட்டர் சறுக்கிட்டு வந்து 50 மீட்டர் தூரத்துல அஞ்சு குறி சுடணும். ஒரு தடவை படுத்துக்கிட்டு, ஒரு தடவை நின்னுக்கிட்டு. படுத்துச் சுடும்போது குறியோட விட்டம் 45 மில்லிமீட்டர், நின்னு சுடும்போது 115.

இதயம் எகிறி அடிக்கும்போது கை நடுங்காம சுடணும். மூச்சையும் இதயத் துடிப்பையும் கட்டுக்குள்ள கொண்டுவர்றதுதான் இந்த விளையாட்டே.

9/
ரிலேன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூணு குண்டு உதிரியா உண்டு. அதுவும் தீர்ந்து குறி மிச்சமிருந்தா, மிச்சமிருக்கிற ஒவ்வொண்ணுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. குச்சி கிடையாது. அடுத்தவரைக் கையால தொட்டா அவர் கிளம்பலாம்.

2005-ல உலக சாம்பியன்ஷிப்ல கலப்பு ரிலே வந்துச்சு. 2014 சோச்சியில ஒலிம்பிக்கே ஏத்துக்கிச்சு. தோரா பெர்கர், திரில் எக்ஹாஃப், ஓலே ஐனார் பியோர்ண்டாலன், எமில் ஹெக்லே ஸ்வென்ட்சென் ஓடின நார்வே அணிக்குத் தங்கம். 40 வயசு பியோர்ண்டாலனுக்கு அது 13-வது ஒலிம்பிக் பதக்கம்.

10/
இதுல ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. சோச்சியில ஆண்களுக்கு ஆளுக்கு 7.5 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. ஒரே அணி, ஒரே பதக்கம், ஆனா தூரத்துல இன்னமும் அந்தப் பழைய கோடு. 2022 பெய்ஜிங்ல நாலு பேருக்கும் 6 கிலோமீட்டர்னு ஆச்சு.

யார் உடம்பும் மாறல. விதிதான் மாறுச்சு.

11/
இப்ப நம்ம ஊர் மண்ணுக்கு வருவோம். பனியில நடந்தது தடகளத்துக்கும் வந்துச்சு: 4×400 மீட்டர் கலப்பு ரிலே. ரெண்டு ஆண், ரெண்டு பெண், ஆளுக்கு ஒரு சுற்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல அறிமுகம், 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப், அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்.

12/
"ஆணும் பெண்ணும் ஒண்ணா ஓடினா நியாயமா இருக்குமா?"ன்னு கேட்டா, கேள்வி சரிதான். 400 மீட்டர் உலக சாதனை ஆண்கள்ல 43.03 விநாடி, பெண்கள்ல 47.60. சுமார் 10% வித்தியாசம். பருவ வயசுக்கு அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் கூட்டுற தசை, பெரிய இதயம், கூடுதல் ஹீமோகுளோபின் எல்லாம் இதுக்குக் காரணம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனா எல்லா அணியிலும் ரெண்டு பெண்கள். நாலு பேர் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. ஆண் மிச்சம் பிடிக்கிற ஒரு விநாடியும் பெண் மிச்சம் பிடிக்கிற ஒரு விநாடியும் அங்க ஒரே எடை.

13/
ஆரம்பத்துல யார் எந்தச் சுற்று ஓடணும்னு அணியே முடிவு பண்ணலாம். 2019 தோஹா இறுதியில போலந்து, ரெண்டு ஆண்களை முதல்ல ஓடவிட்டு ரெண்டு பெண்களைக் கடைசியா வச்சது. கடைசிச் சுற்றுல போலந்துப் பெண் ரொம்ப தூரம் முன்னாடி. பின்னாடி மத்த அணிகளோட ஆண்கள் துரத்துறாங்க. கடைசியில போலந்து அஞ்சாவது, தங்கம் அமெரிக்காவுக்கு.

2022-லிருந்து ஆண், பெண், ஆண், பெண்னு வரிசையை நிர்ணயிச்சுட்டாங்க. ஆக இப்ப கடைசியா எல்லைக்கோட்டைத் தொடுறது எப்பவும் ஒரு பெண். 1928-ல "விழுந்துடுவாங்க"ன்னு சொன்ன அதே எல்லைக்கோடு.

14/
இனி நம்ம ஆளுங்க. 2018 ஜகார்த்தாவுல முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், ஆரோக்கிய ராஜீவ். நேரம் 3:15.71, வெள்ளி. ராஜீவ் நம்ம லால்குடிப் பக்கத்துக்காரர், ராணுவ வீரர். தங்கம் வாங்கின பஹ்ரைன் அணியில ஒருத்தர் ஊக்கமருந்துல சிக்கினதால பின்னாடி அந்தத் தங்கம் நமக்கு வந்துச்சு.

15/
2021 ஜூலை 30, டோக்கியோ. அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நாலு பேர்ல மூணு பேர் தமிழ்நாடு! நேரம் 3:19.93. இறுதிச் சுற்றுக்குப் போகல.

ஆனா ரேவதி யாருன்னு தெரியுமா? மதுரைக்காரர். சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டி. வெறுங்காலோட ஓட ஆரம்பிச்ச பொண்ணு. அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேக்காம ஓட விட்ட அந்தப் பாட்டிக்குத்தான் பாதிப் பெருமை. அதனாலதான் சொன்னேன், பாட்டிங்களைத் திட்டாதீங்கன்னு.

16/
2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். மறுபடியும் மூணு பேர் தமிழ்நாடு. 3:14.34, தேசிய சாதனை. மூணாவதா வந்தோம். இலங்கை அணி தடம் மீறினதா தகுதிநீக்கம் ஆனதால வெள்ளி. தங்கம் வாங்கின பஹ்ரைனுக்கும் நமக்கும் வித்தியாசம் 0.32 விநாடி. கண் சிமிட்டுற நேரம்.

17/
அதே நாள்தான் கோயம்புத்தூர் வித்யா 400 மீட்டர் தடை ஓட்டத்துல 55.42 விநாடி ஓடி, 1984-ல பி.டி. உஷா வச்ச தேசிய சாதனையைச் சமன் செஞ்சார். அப்பா ஆட்டோ ஓட்டுநர். கூடப் பிறந்த இரட்டை நித்யாவும் தடை ஓட்ட வீராங்கனை. அந்த வீட்டுல யாராவது "வயசுக்கு வந்தாச்சு, போதும்"னு சொல்லியிருந்தா ஒண்ணு இல்ல, ரெண்டு பேரை இழந்திருப்போம்.

18/
2025 மே, குமி ஆசிய சாம்பியன்ஷிப். சந்தோஷ் குமார் தமிழரசன், ரூபல் சௌத்ரி, விஷால், சுபா வெங்கடேசன். தங்கம். இதுலயும் மூணு பேர் நம்ம மாநிலம். டோக்கியோ, ஹாங்சோ, குமி மூணுலயும் இருக்கிற ஒரே பேர், திருச்சி சுபா.

19/
இத்தனையும் சொல்லிட்டு இவரைச் சொல்லாம விட்டா தப்பு. சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை கத்தக்குறிச்சி. 2006 தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர், வெள்ளி. அப்புறம் பாலினப் பரிசோதனை, பதக்கம் பறிப்பு.

எது நியாயமான பிரிவுங்கிறது கஷ்டமான கேள்வி. ஆனா ஒரு மனுஷியோட பரிசோதனை முடிவு ஊரே பேசுற செய்தியானது எந்த மருத்துவ அறத்துலயும் சேராது. அவர் பின்னாடி பயிற்சியாளரா மைதானத்துக்குத் திரும்பினார். அதே 800 மீட்டர். 1928-லயும் 2006-லயும் கோடு போட்ட கையில ஸ்டெதாஸ்கோப் இருந்துச்சு.

20/
என் கையிலயும் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

எம்பிபிஎஸ் முடிச்ச புதுசு. கூட்டமான ஓபி. பள்ளிக்கூடத்து ரிலே அணியில ஓடுற ஒரு பொண்ணை அம்மா கூட்டிட்டு வந்தாங்க. சோர்வு, தலைசுத்தல், மாதவிடாய் சரியா வரல. நான் என்ன சொன்னேன்? "கொஞ்ச நாள் ஓட்டத்தை நிறுத்தி வைங்கம்மா." அவ்வளவுதான். அடுத்த சீட்டு.

21/
ரத்தப் பரிசோதனை எழுதல. என்ன சாப்பிடுறேன்னு கேக்கல. அந்த அம்மா என் வார்த்தையை வேதவாக்கா எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. அந்தப் பொண்ணு திரும்ப வரவே இல்லை. திரும்ப ஓடினாளான்னு எனக்குத் தெரியாது.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமதான் சொன்னேன். 1928 டாக்டர்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

22/
நான் அன்னைக்கு என்ன செஞ்சிருக்கணும்? குறிச்சு வச்சுக்கோங்க.

ஒண்ணு, ஹீமோகுளோபின். 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை இருக்கு. மூச்சு வாங்குறதுக்குக் காரணம் பொண்ணா பிறந்தது இல்லை, ரத்தத்துல இரும்பு இல்லாதது.

ரெண்டு, பள்ளியில வாரம் ஒருமுறை தர்ற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. "வயித்தைப் பிரட்டுது"ன்னு தூக்கிப் போடாம, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்க. பூச்சி மாத்திரையும் முக்கியம்.

23/
மூணு, சாப்பாடு. ஓடுற பொண்ணுக்கு மாதவிடாய் நின்னுபோச்சுன்னா, செலவழிக்கிற சக்திக்கு ஏத்த சாப்பாடு போகலைன்னு உடம்பு சொல்றதா இருக்கலாம். அலட்சியம் பண்ணாதீங்க, எலும்பையும் பாதிக்கும். முட்டை, பயறு, கடலை, மீன், வயிறு நிறையச் சோறு. மூணு மாசம் வரலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சில பேருக்குப் பயிற்சியைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம். ஆனா காரணம் கண்டுபிடிக்காம "நிறுத்து"ன்னு சொல்றது வைத்தியம் இல்லை.

நாலு, மாதவிடாய் நாள்லயும் முடிஞ்சா ஓடலாம். வலி இருந்தா ஓய்வு. அதை முடிவு பண்ண வேண்டியது ஓடுற பொண்ணு.

24/
அந்த அப்பாகிட்ட இவ்வளவும் சொல்லல. "பாப்பாவை வர்ற வாரம் கூட்டிட்டு வாங்க, ரத்தம் மட்டும் பார்த்துடலாம். அதுவரைக்கும் ஓடட்டும்"னேன். அவர் தலையாட்டிட்டு மணலைப் பார்த்து, "இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா கண்ணு, ஸ்கூலுக்கு நேரமாச்சு"ன்னு குரல் கொடுத்தார்.

அவ ஏற்கெனவே மூணாவது ரவுண்டுல இருந்தா.

25/
இந்த இழையை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. முக்கியமா "போதும், நிறுத்து"ன்னு சொல்ற பெரியவங்க இருக்கிற குரூப்ல. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.


ஓர் அரசு மருத்துவர், சாந்தோம், சென்னை.