எதுவும் பதிவாகாத இரண்டு மாதங்கள்

1960களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே 2760 மீட்டர் ஆழத்தில், ஒரு கருவி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஓடியது. வானிலிருந்து இறங்கி வரும் மியூவான் துகள்களை எண்ணுவதற்காக அதை வைத்திருந்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. இந்திய இயற்பியலில் இத்தனை பயன் தந்த வெறும் பூஜ்யம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தப் பூஜ்யத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் தரைமட்டத்தில் நிலைமை என்ன என்று பார்க்க வேண்டும். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதி, பலவகைத் துகள்களாகச் சிதறுகின்றன. அவற்றுள் தரைவரை பெருமளவில் வந்து சேர்வது மியூவான். விரித்த உள்ளங்கையை நிமிடத்துக்கு நூறு மியூவான்களாவது துளைத்துப் போகின்றன, நமக்குத் தெரிவதில்லை. கூரையும் சுவரும் அவற்றுக்குப் பொருட்டல்ல. ஆனால் பாறைக்குள் போகப் போக ஆற்றலை இழக்கின்றன. ஆற்றல் மிகுந்தது ஆழமாகப் போகும், மற்றது நடுவிலேயே நின்றுவிடும். ஆகவே எந்த ஆழத்தில் எத்தனை மியூவான் மிஞ்சுகிறது என்று எண்ணினால், மேலே வந்த கதிர்களின் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அதற்கு வேண்டியது ஆழமான ஒரு குழி.

அந்தக் குழி கோலாரில் தயாராக இருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880களில் அங்கே தங்கம் வெட்டத் தொடங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள்தான் உள்ளே இறங்கினார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். லைன் வீடுகளில் குடியிருந்து, கேஜில் ஏறி, ஷாஃப்ட் வழியாக லெவல் லெவலாக இறங்கி, பாறையைக் குடைந்தார்கள். ஆழ்ந்த மட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை தானாக வெடித்துச் சிதறி ஆட்களை மூடிவிடுவதும் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து செத்தவர்களும் ஏராளம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது அவர்கள் உழைப்பால்தான். உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது இருந்தது.

ஹோமி பாபா இதைக் கவனித்தார். காஸ்மிக் கதிர் ஆய்வில் ஊறியவர் அவர்; 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் சொல்லி, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆய்வாளர் 1951இல் கோலார் சுரங்கத்தில் மியூவான்களை எண்ணத் தொடங்கினார். பின்னாளில் அதே நிறுவனத்தின் இயக்குநரானவர் இவர். சில ஆண்டுகள் கழித்து எம்.ஜி.கே. மேனன், பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம் ஆகியோரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து மியாகேயும் சேர்ந்துகொண்டார்கள். மட்டம் மட்டமாகக் கருவியை இறக்கி எண்ணினார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. 2760 மீட்டரில் ஒன்றுமே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் இதற்குமேல் அளக்க ஒன்றுமில்லை என்று மூட்டை கட்டியிருப்பார்கள். அந்தக் குழு பார்த்த விதமே வேறு. மியூவான் இரைச்சல் அடங்கிய இடம் உலகில் அபூர்வம். அங்கே ஏதாவது ஒன்று பதிவானால், அது மேலிருந்து வந்ததாக இருக்க முடியாது.

பிறகு எதிலிருந்து வரும்? நியூட்ரினோவிலிருந்து. காற்றுமண்டல மோதல்களில் மியூவான்களோடு நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மின்னூட்டம் இல்லை, நிறை இல்லை என்றே சொல்லிவிடலாம். பூமியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிப் போய்விடும். கோடானுகோடியில் ஒன்று மட்டும் பாறையிலுள்ள ஓர் அணுக்கருவில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும். 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரினோவைக் கண்டுபிடித்திருந்தார்கள். இயற்கையாகக் காற்றில் பிறப்பதை அதுவரை யாரும் பிடித்ததில்லை. நிலத்தடியில் தேடினால் கிடைக்கும் என்று 1960 வாக்கில் சோவியத் நாட்டில் மார்க்கோவும் அமெரிக்காவில் கிரைசனும் எழுதியிருந்தார்கள்.

கோலாரில் ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம், 2300 மீட்டர் ஆழத்தில் இடம் தேர்ந்தார்கள். அந்த மட்டத்தில் மேலிருந்து நேராக இறங்கும் மியூவான் எப்போதாவது ஒன்று எட்டிப்பார்க்கும். அதை எப்படி வேறுபடுத்துவது? திசையை வைத்து. செங்குத்தாக வருவது 2300 மீட்டர் பாறையைக் கடக்க வேண்டும். 60 டிகிரி சாய்ந்து வந்தால் அதே பாறை 4600 மீட்டர் ஆகிவிடுகிறது, மியூவானால் முடியாது. கிடைமட்டமாக ஒரு மியூவான் ஓடினால், அது பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததே. இந்த எளிய வடிவியல் வாதம்தான் முழுச் சோதனைக்கும் அடித்தளம்.

ஆகவே கருவியைக் கிடைமட்டத் தடங்களுக்காகவே வடிவமைத்தார்கள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள். மின்னூட்டமுள்ள துகள் பாய்ந்தால் பலகைக்குள் மிக மெல்லிய ஒளி எழும். ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதை மின்துடிப்பாக மாற்றும். இரண்டு சுவர்களிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டுமே கணக்கு. சுவர்களுக்கு நடுவே நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் வுல்ஃபெண்டேல் குழு கைதேர்ந்திருந்த நுட்பம் அது. துடிப்பு வந்த மறுகணம் குழாய்களின் மேல் உயர் மின்னழுத்தம் பாயும். எந்தக் குழாய் வழியாகத் துகள் போனதோ அது மட்டும் வீட்டு டியூப்லைட் போலப் பளிச்சென்று எரியும். கேமரா படம் பிடிக்கும். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் இருட்டில் வரிசையாகச் சில புள்ளிகள். அவற்றை ஸ்கேல் வைத்து இணைத்தால் துகளின் பாதை. பலகை, குழாய், நடுவில் வைத்த காரீயத் தகடுகள் என எல்லாமே கேஜுக்குள் அடங்கும் அளவில் துண்டு துண்டாகத்தான் இறங்கின.

1965 தொடக்கத்தில் கருவிகள் ஓடத் தொடங்கின. அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, ரெய்ன்ஸும் ஃப்ரீடெல் செல்ஷாப்பும் இதே வேட்டையில் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முதல் நிகழ்வு பிப்ரவரி 23 அன்றே கிடைத்துவிட்டது. கோலாருக்குச் சற்றுப் பின்னால்தான் கிடைத்தது. ஆனால் அச்சில் முந்தியது கோலார்: அதன் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது, ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30 அன்று. யார் முதல் என்ற வழக்கு இன்றும் பேசப்படுகிறது. இரண்டுமே தனித்தனியாகச் செய்யப்பட்டவை, இரண்டுமே சரியானவை, ஒன்றுக்கொன்று சாட்சி. முதலிடத்தைவிட இதுவே பெரிது. ஐந்து மாதம் கழித்து, 1966 ஜனவரியில், பாபா விமான விபத்தில் இறந்தார். தான் தொடங்கிவைத்த வேலை கனிந்ததை அவர் பார்த்துவிட்டார் என்பது ஓர் ஆறுதல்.

ஆய்வுக் கட்டுரையில் இருப்பவை இயற்பியலாளர்களின் பெயர்கள். அந்த 2300 மீட்டரைக் குடைந்தவர்கள், கேஜை இயக்கியவர்கள், தண்ணீரை இறைத்தும் காற்றைச் செலுத்தியும் சுரங்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அறிவியல் வரலாற்றில் இல்லை. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் அவர்களை முதல் பத்தியிலேயே சேர்க்க வேண்டும். உலகின் வேறெந்த ஆய்வுக்கூடத்துக்கும் இவ்வளவு பேர் மூச்சைக் கொடுத்து அடித்தளம் போட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

1980இல் இதே ஆழத்தில் இன்னொரு பெரிய முயற்சி தொடங்கியது. புரோட்டான் சிதையுமா என்ற கேள்வி. 10 சென்டிமீட்டர் சதுர வாய் கொண்ட இரும்புக் குழாய்களுக்குள் ஆர்கானும் மீத்தேனும் நிரப்பி, சுமார் 1600 குழாய்களை 34 அடுக்குகளாக அடுக்கினார்கள். மொத்த எடை 140 டன். 24 சதுர மீட்டர் பரப்புள்ள அந்தக் கருவியைத் தரையில் வைத்திருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 35 கோடி மியூவான்கள் கடந்திருக்கும். சுரங்கத்தில் நாளுக்கு இரண்டு. புரோட்டான் சிதைந்ததாகக் கருதத்தக்க சில நிகழ்வுகளைக் குழு அறிவித்தது; அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கட்டப்பட்ட பெரிய தண்ணீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. புரோட்டான் இன்றுவரை சிதையக் காணோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கென்றே தனிக் கருவி கட்டி முதலில் இறங்கியவர்கள் கோலார்க்காரர்கள்தான்.

தங்கம் குறைந்து செலவு கூடியதால் ஆழ்ந்த மட்டங்களை மூடத் தொடங்கினார்கள். 1992இல் ஆய்வும் முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1998இல், ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி ஒன்று, பூமியைத் துளைத்துக் கீழிருந்து வரும் காற்றுமண்டல மியூவான்-நியூட்ரினோக்கள் மேலிருந்து வருபவற்றில் பாதியளவே இருப்பதைக் காட்டியது. வழியில் அவை வகை மாறுகின்றன. ஆகவே அவற்றுக்கு நிறை உண்டு. 2015இல் நோபல் பரிசு கிடைத்த முடிவு அது. அங்கே எண்ணியதும் கோலாரில் முதலில் பிடித்த அதே இனத்தைத்தான்.

கோலாரின் தொடர்ச்சியாக இந்திய இயற்பியலாளர்கள் திட்டமிட்டது தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில். போடி மேற்கு மலையின் அடியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி. மியூவானின் மின்னூட்டம் நேரா எதிரா என்றும் அது பிரித்துச் சொல்லும். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் நீரும் கெடும் என்று ஊர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். தமிழ்நாடு அரசும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. இதற்கிடையே மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி ஒன்றை அமைத்து, தரைமட்டத்திலேயே மியூவான்களை எண்ணத் தொடங்கினார்கள். கோலாரின் 2300 மீட்டர் ஆழத்துக்கு இணையாக இந்தியாவில் இன்னொரு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இதுவரை அமையவில்லை.